எண்களோடு வந்த போப்

பிரான்சின் ரைம்ஸ் நகரில் 970களில் கேடயம் செய்யும் ஒரு கைவினைஞருக்குப் புதுவிதமான வேலை ஒன்று வந்தது. அவரிடம் கேட்கப்பட்டது கேடயம் அல்ல, ஒரு கணக்குப் பலகை. அதில் நெடுக்காக 27 நிரல்கள் வகுக்க வேண்டும். அதோடு, விலங்கின் கொம்பைச் சீவி 1000 சிறு வில்லைகள் செய்து, ஒவ்வொன்றின் மேலும் ஒன்பது குறிகளில் ஏதேனும் ஒன்றைப் பொறித்துத் தர வேண்டும். வேலையைக் கொடுத்தவர் அந்நகரப் பேராலயப் பள்ளியின் ஆசிரியர் ஜெர்பெர். கால் நூற்றாண்டு கழித்து அவரே இரண்டாம் சில்வெஸ்டர் என்ற பெயரில் போப் ஆனார். பிரான்ஸ் நாட்டிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர் அவர்.

வில்லைகளில் இருந்த ஒன்பது குறிகள் நாம் இன்று 1 முதல் 9 வரை எழுதும் எண்களின் முன்னோர்கள். இந்தியாவில் பிறந்து, அரபு அறிஞர்களின் கைவழியாக மேற்கே நடந்து, முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினை அடைந்து, அங்கிருந்து பைரனீஸ் மலையைத் தாண்டிவிட்டிருந்தன. ஐரோப்பா இந்திய எண்களைக் கற்ற கதையை வழக்கமாக 1202ஆம் ஆண்டில், இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபோனாச்சி எழுதிய நூலிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே, ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் மாணவர்கள் அந்த எண்களை விரலால் தொட்டு நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். என்னைப் பொறுத்தவரை, அவர் போப்பாக ஆண்ட நான்கு ஆண்டுகளைவிட இந்தப் பலகைதான் பெரிய செய்தி.

அந்தப் பலகையின் அருமை தெரிய அன்றைய நிலை தெரிய வேண்டும். ஐரோப்பாவில் அப்போது எல்லோரும் எழுதியது ரோமானிய எண்கள். 23 என்பதற்கு இரண்டு பத்துக் குறி, மூன்று ஒன்றுக் குறி. 14 என்பதற்கு ஒரு பத்து, பிறகு ஒன்று, பிறகு ஐந்து. எழுதி வைக்க அது போதும். ஆனால் இந்த இரண்டையும் பெருக்கச் சொன்னால், குறிகளைப் பார்த்து எதுவும் செய்ய முடியாது. கூழாங்கற்களை வைத்து எண்ண வேண்டும், அல்லது விரல்களை மடக்க வேண்டும்.

ஜெர்பெரின் பலகையில் வலது ஓர நிரல் ஒன்றுகளுக்கு, அடுத்தது பத்துகளுக்கு, அதற்கடுத்தது நூறுகளுக்கு. 23ஐயும் 14ஐயும் பெருக்கிப் பார்ப்போம். இரண்டு பத்தை ஒரு பத்தால் பெருக்கினால் இரண்டு நூறு. நூறின் நிரலில் 2 பொறித்த வில்லை. இரண்டு பத்தை நான்கால் பெருக்கினால் எட்டுப் பத்து. பத்தின் நிரலில் 8. மூன்றை ஒரு பத்தால் பெருக்கினால் மூன்று பத்து. அதே நிரலில் 3. மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு. பத்தின் நிரலில் 1, ஒன்றின் நிரலில் 2. இப்போது பத்தின் நிரலில் 8, 3, 1 என்று மூன்று வில்லைகள். கூட்டினால் 12. மூன்றையும் எடுத்துவிட்டு அங்கே 2ஐ வைத்து, மிச்சம் 1ஐ நூறின் நிரலுக்குத் தள்ளினால், இடமிருந்து வலமாக 3, 2, 2. விடை 322. நாம் தாளில் போடும் பெருக்கலும் இதே வழிதான்.

இதில் பூஜ்யம் எங்கே? இல்லை. 1003 என்ற எண்ணை வைக்க, ஆயிரத்தின் நிரலில் 1, ஒன்றின் நிரலில் 3. நடுவில் இரண்டு நிரல்களும் காலி. பலகையில் கோடுகள் இருப்பதால் காலி இடம் காலி இடமாகவே கண்ணுக்குத் தெரிகிறது. கோடுகளை அழித்துவிட்டுத் தாளில் எழுதும்போதுதான் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று சொல்ல ஒரு குறி தேவைப்படுகிறது. இந்தியாவில் அந்தக் குறி அப்போதே புழக்கத்தில் இருந்தது. குவாலியரில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்ற எண்ணின் கடைசியில் சிறு வட்டமாக அதை இன்றும் பார்க்கலாம். ஜெர்பெருக்கு வந்து சேர்ந்தவை ஒன்பது குறிகளும், ஒரே குறி இடத்தைப் பொறுத்து மதிப்பு மாறும் என்ற எண்ணமும். இடமதிப்பு என்ற கருத்தே ஐரோப்பாவுக்கு அன்று புதையல்.

இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் அவருடைய மாணவர் ரிஷே. ரைம்ஸில் துறவியாக இருந்த இவர் எழுதிய வரலாறு பல நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, அவருடைய கையெழுத்துப் பிரதியாகவே 1833இல் ஜெர்மனியின் பாம்பர்க் நகரில் கிடைத்தது. பலகையின் 27 நிரல்களும் ஆயிரம் வில்லைகளும் அதில்தான் பதிவாகியிருக்கின்றன. பெருக்கலும் வகுத்தலும் வாயால் சொல்லி முடிப்பதற்குள் இந்தப் பலகையில் விளங்கிவிடும் என்று அவர் எழுதுகிறார். ஒரு மாணவனின் பெருமிதம் அந்த வரியில் தெரிகிறது.

ஜெர்பெர் பிறந்தது 945ஐ ஒட்டி, நடு பிரான்சின் மலைப்பகுதியான ஒவெர்ன்யில். பெரிய குடும்பம் எதுவும் இல்லை. ஒரியாக் ஊரின் புனித ஜெரால்டு மடத்தில் சிறுவனாகச் சேர்ந்து இலத்தீன் கற்றார். 967இல் பார்சலோனாவின் கோமகன் பொரெல் அந்த மடத்துக்கு வழிபட வந்தார். மடத் தலைவர் அவரிடம் கேட்டார்: உங்கள் ஸ்பெயின் பக்கத்தில் கலைகளில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள் என்றதும், அப்படியானால் எங்கள் பையன் ஒருவனைக் கூட்டிப்போய்ப் படிக்க வையுங்கள் என்றார். மடத்தார் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்து அனுப்பியது ஜெர்பெரை. அந்தத் தலைவர் அன்று இந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்குத் தன் மடத்தின் குறையை அறிந்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கத்தலோனியா அப்போது இரு உலகங்களின் எல்லை. தெற்கே கோர்டோபா நகரில் கலீபா இரண்டாம் ஹக்கம் சேர்த்த நூலகத்தில் நான்கு லட்சம் நூல்கள் இருந்ததாக அரபு எழுத்தாளர்கள் பெருமையோடு சொன்னார்கள். எண்ணிக்கையில் மிகை இருந்தாலும், வடக்கே இருந்த எந்த மடத்தின் புத்தக அலமாரியும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தத் தெற்கத்திய அறிவு கசிந்து வந்து சேர்ந்த இடங்கள் விக் நகரப் பேராலயம், ரிப்போல் மடம் போன்றவை. விக்கின் ஆயர் ஆத்தோவிடம்தான் ஜெர்பெர் கணிதம் படித்தார். ஏறக்குறைய அதே சமயத்தில், 976இல், வட ஸ்பெயினின் அல்பெல்டா மடத்துத் துறவிகள் படியெடுத்த ஒரு பெருநூலில் ஒன்பது எண்களையும் எழுதி, இவற்றைக் கண்டுபிடித்த இந்தியர்களின் கூர்மதியை வாயாரப் புகழ்ந்து வைத்திருக்கிறார்கள். இலத்தீன் நூல்களில் இந்திய எண்கள் தென்படும் மிகப் பழைய இடம் அது.

ஜெர்பெர் கத்தலோனியாவுக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பொரெலும் ஆத்தோவும் ரோமுக்குப் போனபோது அவரும் உடன் போனார். அவருடைய இசை அறிவையும் வானியல் அறிவையும் கண்ட போப் பதின்மூன்றாம் ஜான், பேரரசர் முதலாம் ஒட்டோவிடம் சொல்லி அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். ஜெர்பெரோ, கணிதம் ஓரளவு தெரியும், தர்க்கம் கற்க வேண்டும் என்றார். ரைம்ஸிலிருந்து வந்திருந்த தர்க்க அறிஞர் ஜெரானுடன் 972இல் புறப்பட்டுவிட்டார். ஒருவர் தர்க்கம் சொல்லிக்கொடுக்க, மற்றவர் கணிதம் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. ஜெரான் கணிதத்தில் நன்றாக முன்னேறினார். இசை கைவராமல் அதை மட்டும் விட்டுவிட்டார் என்று ரிஷே குறித்திருக்கிறார்.

ரைம்ஸ் பேராயர் அடல்பெரோவின் ஆதரவில் ஜெர்பெர் நடத்திய வகுப்பு, கையால் தொட்டுப் படிக்கும் வகுப்பு. வானியலுக்கு மரத்தில் கோளங்கள் செய்தார். ஒரு கோளத்தின் அச்சை அடிவானத்துக்குச் சாய்வாக நிறுத்திச் சுழற்றினால், விண்மீன் கூட்டங்கள் எந்த நேரத்தில் எழும், எந்த நேரத்தில் மறையும் என்று பட்டப்பகலிலேயே காட்டலாம். இன்னொன்றில் விண்மீன் கூட்டங்களின் உருவங்களை இரும்புக் கம்பியாலும் செப்புக் கம்பியாலும் இழைத்து, நடுவில் ஒரு குழாயைப் பொருத்தினார். குழாயை வானத்தின் துருவத்தை நோக்கித் திருப்பி, ஒரே ஒரு விண்மீனை அடையாளம் காட்டிவிட்டால் போதும். வானியல் தெரியாதவர்கூட மற்றவற்றை ஆசிரியர் துணையின்றித் தாமே கண்டுகொள்வார் என்கிறார் ரிஷே.

குழாய் என்றவுடன் தொலைநோக்கியை நினைத்துவிடக் கூடாது. அதில் கண்ணாடி வில்லை கிடையாது, வெறும் துளைதான். ஆனால் அதை வைத்து அவர் சொல்லிக்கொடுத்த ஒரு சோதனை அழகானது. துருவ விண்மீன் இதுதானா என்று சந்தேகம் வந்தால், குழாயை அதன் பக்கம் திருப்பி அசையாமல் நிறுத்திவிடு. இரவு முழுக்க அதே விண்மீன் குழாய்க்குள் தெரிந்துகொண்டிருந்தால் அதுவே துருவ விண்மீன். வேறொன்றாக இருந்தால் சற்று நேரத்தில் நகர்ந்து மறைந்துவிடும். நண்பரான துறவி கான்ஸ்டன்டைனுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வழியைத் தெளிவாக எழுதியிருக்கிறார்.

இன்று இந்தச் சோதனைக்கு அதிகத் தேவையில்லை. பொலாரிஸ் என்ற விண்மீன் வடதுருவத்துக்கு ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வானத்தில் ஒரு வட்டம் போடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பொலாரிஸ் துருவத்திலிருந்து சுமார் ஆறு பாகை தள்ளி இருந்தது. துருவத்துக்கு அருகே ஒளிமிக்க விண்மீன் எதுவும் இல்லாத காலத்தில் ஜெர்பெர் வாழ்ந்தார். அதனால் மங்கலான ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்து, அது அசையவில்லை என்று உறுதிசெய்ய ஒரு முறை வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே நம்பாமல், இரவெல்லாம் விழித்திருந்து வானத்தையே சாட்சிக்கு அழைக்கும் மனம் அது. ஐரோப்பாவில் அந்த நூற்றாண்டில் அரிதாக இருந்தது அந்த மனம்தான்.

இசையிலும் இதே போக்கு. ஒரு தந்தியைச் சரிபாதியாக்கி மீட்டினால் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். ஆர்கன் வாத்தியத்தின் குழலைச் சரிபாதியாக வெட்டினால் ஸ்தாயி துல்லியமாக வராது, கொஞ்சம் பிசகும். காரணம், குழலுக்குள் அதிரும் காற்று அதன் திறந்த வாயோடு நின்றுவிடுவதில்லை, சற்று வெளியேயும் சேர்ந்து அதிர்கிறது. அதனால் குழலின் அகலத்தைக் கணக்கில் எடுத்து நீளத்தைத் திருத்த வேண்டும். ஜெர்பெர் எழுதியதாக ஆய்வாளர்கள் கருதும் ஒரு சிறு நூல் இந்தத் திருத்தத்தை எண்களாலேயே தர முயல்கிறது.

அவருடைய கடிதங்கள் இருநூறுக்கும் மேல் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் படித்தால் அரசியல்வாதி, மடத் தலைவர், பேராயர் எல்லாம் பின்னுக்குப் போய், புத்தகத்துக்கு அலையும் ஒரு மனிதர் முன்னால் வந்து நிற்கிறார். 984இல் பார்சலோனாவின் லுபிட்டஸ் என்பவருக்கு எழுதி, நீங்கள் மொழிபெயர்த்த வானியல் நூலை எனக்கு அனுப்புங்கள் என்று கேட்கிறார். வேறு கடிதங்களில், பெருக்கல் வகுத்தல் பற்றி ஸ்பெயினின் யோசேப்பு எழுதிய நூலைத் தேடுகிறார். ட்ரியர் நகரத் துறவி ரெமிஜியஸுக்கு வானக்கோளம் ஒன்று வேண்டும்; ஜெர்பெருக்கு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸின் ‘அகிலெயிட்’ வேண்டும். பண்டமாற்று பேசிக்கொள்கிறார்கள். கடைசலில் கடைந்து, குதிரைத் தோல் போர்த்த வேண்டிய கோளம், நாள் பிடிக்கும் என்கிறார். புத்தகமும் வந்தது, ஆனால் அரைகுறையாக. மூலப்பிரதியே அவ்வளவுதான் என்றார் ரெமிஜியஸ். உண்மையில் அந்தக் காவியத்தை முடிக்காமலே கவிஞர் இறந்துபோயிருந்தார். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் நின்றுபோன கவிதையின் மிச்சத்தை நண்பரிடம் கேட்டுக்கொண்டிருந்தார் ஜெர்பெர்.

கடிதங்களில் எனக்கு மிகப் பிடித்தது அடெல்போல்ட் என்பவருக்கு எழுதியது. இவர் பின்னாளில் உட்ரெக்டின் ஆயரானவர். மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தின் பரப்பளவுக்கு அன்று இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, பக்கத்தின் அளவை அதைவிட ஒன்று கூடிய எண்ணால் பெருக்கிப் பாதியாக்குவது. பக்கம் 7 என்றால், ஏழெட்டு 56இல் பாதி, 28. மற்றது, அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்குவது. பக்கம் 7 என்றால் உயரம் ஏறக்குறைய 6. ஏழாறு 42இல் பாதி, 21. ஒரே நிலத்துக்கு இரண்டு பரப்பளவு எப்படி இருக்க முடியும் என்று அடெல்போல்டுக்குக் குழப்பம்.

ஜெர்பெர் படம் போட்டு விளக்குகிறார். முதல் விதி, முக்கோணத்தைச் சிறு சதுரங்களால் அடுக்கி எண்ணுகிறது: அடியில் ஏழு சதுரம், அதன் மேல் ஆறு, அதன் மேல் ஐந்து என்று உச்சியில் ஒன்று வரை. மொத்தம் 28. ஆனால் முக்கோணத்தின் பக்கங்கள் சரிவானவை. சதுரங்களின் மூலைகள் இரு புறமும் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த வெளி நிலத்தையும் சேர்த்து எண்ணியதால்தான் 28 வருகிறது. உள்ளே இருப்பது 21 என்கிறார். இன்றைய துல்லியமான விடை 21.2. பழைய நூலில் இருக்கிறது என்பதற்காக அவர் முதல் விதியை மதிக்கவில்லை. அது எங்கே பிழைக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். இதே அடெல்போல்ட் கோளத்தின் கன அளவு பற்றிக் கேட்டு எழுதிய கடிதம் ‘போப் சில்வெஸ்டருக்கு’ என்று முகவரி இடப்பட்டது. பேதுருவின் ஆசனத்தில் அமர்ந்திருந்தவரிடம் கணக்குக் கேட்கத் தயங்காத உறவு அது.

அந்த ஆசனம்வரை போன பாதை கரடுமுரடானது. பேரரசர் இரண்டாம் ஒட்டோ அவரை வட இத்தாலியின் பொபியோ மடத்துக்குத் தலைவராக்கினார். அருமையான நூலகம், ஆனால் நிலங்களை உள்ளூர்ப் பிரபுக்கள் விழுங்கியிருந்தார்கள். 983இல் பேரரசர் இறந்ததும் ஜெர்பெர் ரைம்ஸுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 987இல் ஊக் கபே பிரான்சின் அரசரானதில் அடல்பெரோவுக்கும் அவருக்கும் பங்கு உண்டு. அடல்பெரோவுக்குப் பின் பேராயரான ஆர்னுல்ஃப் அரசருக்குத் துரோகம் செய்ததாக 991இல் நீக்கப்பட, அந்த இடத்தில் ஜெர்பெர் அமர்த்தப்பட்டார். ரோம் அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகள் சண்டைக்குப் பின் அவர் பதவியை இழந்து, இளம் பேரரசர் மூன்றாம் ஒட்டோவிடம் போய்ச் சேர்ந்தார்.

ஒட்டோவுக்கு அப்போது வயது பதினேழு. தாய் தியோஃபானு கிரேக்கப் பேரரசின் இளவரசி. என் சாக்சன் முரட்டுத்தனத்தைப் போக்கி, என்னிடம் இருக்கும் கிரேக்க நுட்பத்தைத் தூண்டிவிடுங்கள், எண்கணித நூலை எனக்கு விளக்குங்கள் என்று அவரே ஜெர்பெருக்குக் கடிதம் எழுதினார். 998இல் ரவென்னாவின் பேராயர், 999 ஏப்ரலில் போப் என்று உயர்வு வேகமாக வந்தது. முதலாம் சில்வெஸ்டர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துப் போப். அந்தப் பெயரை எடுத்ததன் மூலம், தானும் ஒட்டோவும் சேர்ந்து கிறிஸ்தவ உலகை ஒன்றாக்கப் போகிறோம் என்று அறிவித்தார்.

போப்பான பிறகு அவர் செய்தவற்றில் இரண்டு ஐரோப்பாவின் வரைபடத்தில் நிலைத்துவிட்டன. 1000ஆம் ஆண்டில் போலந்தின் க்னியெஸ்னோவில் தனிப் பேராயம் அமைந்தது. அதை ஒட்டியே ஹங்கேரியில் ஸ்டீபன் முடிசூடி, எஸ்டர்கோமில் அந்நாட்டின் பேராயம் உருவானது. இரு நாடுகளின் திருச்சபையும் ஜெர்மானிய ஆயர்களுக்குக் கீழே போகாமல் சொந்தக் காலில் நின்றன. இன்னொரு செயல் சிறியது, ஆனால் மனிதரைக் காட்டுவது. தன் பதவிப் போட்டியாளரான அதே ஆர்னுல்ஃபை ரைம்ஸின் பேராயராக அவரே திரும்ப உறுதிசெய்தார்.

ஆட்சி நீடிக்கவில்லை. 1001இல் ரோம் மக்கள் கிளர்ந்தெழ, பேரரசரும் போப்பும் ரவென்னாவுக்குத் தப்பினார்கள். அடுத்த ஜனவரியில் ஒட்டோ தம் 21ஆம் வயதில் இறந்தார். ரோமுக்குத் திரும்பிய சில்வெஸ்டர் 1003 மே 12இல் காலமாகி, லாத்தரன் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிறகு அவருக்கு நேர்ந்தது அநியாயம். அந்த நூற்றாண்டின் கடைசியில் போப் ஏழாம் கிரகோரிக்கும் பேரரசருக்கும் கடும் மோதல் நடந்தபோது, எதிரணியில் இருந்த கர்தினால் பெனோ, ரோமில் சூனியக்காரர் பரம்பரை ஒன்று இருந்தது, அதைத் தொடங்கியவர் ஜெர்பெர், அதில் வந்தவர் கிரகோரி என்று எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் மால்ம்ஸ்பரியின் வில்லியம் என்ற ஆங்கிலத் துறவி கதையை மேலும் வளர்த்தார்: ஸ்பெயினில் ஒரு மந்திரவாதியின் நூலைத் திருடினார், கேட்டதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் உலோகத் தலை ஒன்றைச் செய்தார் என்று. ஜெருசலேமில் பூசை செய்யாதவரை சாவு இல்லை என்று சாத்தானிடம் வரம் பெற்றாராம். இரணியனின் வரத்தைப்போல இதிலும் ஓட்டை உண்டு. ரோமில் ஜெருசலேம் என்று பெயர் கொண்ட ஒரு கோயிலில் பூசை செய்தபோது சாவு வந்தது என்று கதையை முடித்தார்கள். ஸ்பெயினில் அவர் கோர்டோபா சென்றதாகப் பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். நேரில் அவரிடம் படித்த ரிஷே சொல்வது கத்தலோனியாவை மட்டும். பெருக்கல் வாய்பாட்டையும் வானக்கோளத்தையும் விளங்கிக்கொள்ள முடியாத ஒரு சமூகம், அவற்றை விளங்கிக்கொண்டவர் மேல் பேயை ஏற்றியது.

பலகையின் கதை என்னவாயிற்று என்றால், அவருடைய மாணவர்களும் அவர்களுடைய மாணவர்களும் அதைப் பற்றி அடுத்த நூறாண்டுக்கு மேல் கையேடுகள் எழுதினார்கள். அது பள்ளிகளைத் தாண்டி கடைத்தெருவுக்குப் போகவில்லை. பூஜ்யத்தோடு தாளில் எழுதும் முறை பரவியபோது, அதற்கும் எதிர்ப்பு இருந்தது. 1299இல் ஃபுளோரன்ஸ் நகரப் பணமாற்று வணிகர் சங்கம் கணக்கேடுகளில் இந்த எண்களை எழுதத் தடையே போட்டது. தடை நிற்கவில்லை.

அவருடைய கடிதங்கள் 1961இல் ஹாரியட் லாட்டின் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் முழுத் தொகுப்பாகக் கிடைக்கின்றன. கணக்கு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முக்கோணத்தின் பரப்பளவை நடத்தும் நாளில், அடெல்போல்டுக்கு வந்த குழப்பத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கட்டம் போட்ட தாளில் பக்கம் 7 உள்ள முக்கோணத்தை வரைந்து, சதுரங்களை அடுக்கி, 28 எங்கிருந்து வருகிறது, 21 எங்கே இருக்கிறது என்று அவர்களையே எண்ணிக் கண்டுபிடிக்க விடுங்கள்.